‘மான்ஜே’யில் கூடுதலாக ஓர் ஈ: எப்போது போட வேண்டும், எப்போது கூடாது?

கேள்வி: பிரெஞ்சு மொழித் திறனைச் சோதிக்கும் டெல்ஃப் ஏ2 தேர்வுக்குப் படிக்கிறேன். அம்பார்ஃபே என்ற இறந்தகாலத்தில் ‘மான்ஜே’ (சாப்பிடு) வினையை எழுதும்போது, ‘நான்’ வடிவத்தில் ஜி என்ற ஆங்கில எழுத்துக்குப் பிறகு ஈ என்ற எழுத்தைச் சேர்க்கச் சொல்கிறார்கள். ‘நாங்கள்’ வடிவத்தில் அதே ஈ போட்டால் தவறாம். அட்டவணையை மனப்பாடம் செய்வதுதான் வழியா?

பதில்: மனப்பாடம் தேவையே இல்லை. பிரெஞ்சில் எழுத்து மாறுவது, ஒலி மாறாமல் இருப்பதற்காகத்தான். இதைப் பிடித்துக்கொண்டால் அட்டவணையை நீங்களே எழுதிவிடலாம். (எழுத்துகளை ஆங்கிலப் பெயராலேயே சொல்கிறேன்.)

ஜி எழுத்துக்குப் பின்னால் ஈ அல்லது ஐ வந்தால் அது மென்மையான ‘ஜ’. ஏ, ஓ, யு வந்தால் ‘கங்கை’யில் இரண்டாவதாக வரும் ககரம் போல ஒலிக்கும். ‘நான்’ வடிவத்தின் விகுதி ஏ, ஐ, எஸ். அதை ஜியோடு நேராக ஒட்டினால் சொல் ‘மான்கே’ ஆகிவிடும். அதைத் தடுக்கத்தான் நடுவில் உச்சரிக்காத ஓர் ஈ. நீ, அவன், அவர்கள் வடிவங்களின் விகுதிகளும் ஏ எழுத்தில்தான் தொடங்குகின்றன. அங்கும் ஈ உண்டு. நாங்கள், நீங்கள் விகுதிகள் ஐயில் தொடங்குகின்றன. ஐக்கு முன்னால் ஜி தானாகவே மென்மையாகிவிடும், ஈக்கு வேலையில்லை.

பலர் தடுமாறுவதற்குப் பாடநூலில் வரும் குறுக்குவழியும் ஒரு காரணம். நிகழ்காலத்து ‘நாங்கள்’ வடிவத்தை எடு, கடைசி ஓ, என், எஸ் மூன்றையும் வெட்டு, புது விகுதியை ஒட்டு என்பார்கள். வழி சரிதான். ஆனால் அந்த நிகழ்கால வடிவத்தில் ஓ எழுத்துக்காக ஏற்கெனவே ஓர் ஈ உட்கார்ந்திருக்கிறது. வெட்டி ஒட்டும்போது அதுவும் கூடவே வந்து ‘நாங்கள்’ வடிவத்தைக் கெடுத்துவிடுகிறது. அதனால் ஒட்டியபின் விகுதியின் முதல் எழுத்தை ஒருமுறை பாருங்கள்.

‘கொமான்சே’ (தொடங்கு) போன்ற வினைகளிலும் இதே கதைதான். ஏ, ஓ, யு முன்னால் சி ‘க’வாகிவிடும் என்பதால் அடியில் செதீய் என்ற வால் போடுகிறோம், ஈ, ஐ முன்னால் வால் வேண்டாம். நாஜே (நீந்து), வோயாஜே (பயணம் செய்), லான்சே (எறி) எல்லாம் இப்படியே.

முடிந்த செயலைச் சொல்லும் பாஸ்ஸே கொம்போஸே என்ற இறந்தகாலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே இந்த வினைகளின் எச்சவடிவம் எப்போதும் மேற்கோடிட்ட ஈயில் முடிவதால் வாலும் வேண்டாம், கூடுதல் ஈயும் வேண்டாம். கதைகளில் வரும் பாஸ்ஸே ஸாம்பிள் என்ற இறந்தகாலத்தில் பெரும்பாலான விகுதிகள் ஏயில் தொடங்குவதால் மாற்றம் திரும்ப வரும். ‘அவர்கள்’ வடிவம் மட்டும் ஈயில் தொடங்குகிறது, அதற்கு மாற்றம் இல்லை.

‘அப்லே’ (அழை) நிகழ்காலத்தில் சில வடிவங்களில் எல் எழுத்து இரட்டிக்கிறதே, இறந்தகாலத்திலும் அப்படியா என்று அடுத்து கேட்கத் தோன்றும். இல்லை. பின்னால் வரும் ஈ ஒலிக்காதபோதுதான் எல் இரட்டிக்கும். அம்பார்ஃபே விகுதிகள் எல்லாமே ஒலிப்பவை, அதனால் ஒற்றை எல் போதும். ‘அஷ்தே’ (வாங்கு) வினையில் நிகழ்காலத்தில் ஏறும் சாய்கோடும் இங்கே காணாமல் போகும்.

விதிக்கு அடங்காத ஒன்றும் உண்டு. ‘நாவிகே’ (கப்பலோட்டு) போன்ற வினைகளில் ஜிக்குப் பின்னால் இருக்கும் யு எழுத்து, ஏ எழுத்துக்கு முன்னால் தேவையே இல்லாவிட்டாலும் எல்லா வடிவத்திலும் அப்படியே நிற்கும். வினைகளைத் திரிப்பது என்று பொருள்படும் ‘கொன்ஜுகே’யும் இந்த வகைதான்.

‘எத்யூதியே’ (படி) வினையிலும் கவனம் தேவை. பகுதியே ஐயில் முடிகிறது, ‘நாங்கள்’ விகுதியும் ஐயில் தொடங்குகிறது. இரண்டு ஐ அடுத்தடுத்து வரும். கண்ணுக்குப் பிழை போலத் தெரிந்தாலும் அதுதான் சரி. ஒன்றை அடித்துவிட்டால் அது நிகழ்காலமாகிவிடும்.