புரதம் வேண்டும், உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை: கேள்வி பதில்

வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம்: "இது வயிற்றுக்குச் சேரவில்லை, அதை டாக்டர் குறைக்கச் சொல்கிறார், புரதத்துக்கு நான் எங்கே போவது?" உணவியல் ஆலோசகரான என்னிடம் நேரில் வருபவர்கள் கேட்பதும் இதைத்தான். முதலில் ஒரு சின்னக் கணக்கு. நோய் இல்லாத பெரியவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு ஏறக்குறைய 0.8 கிராம் புரதம் தேவை. 60 கிலோ இருப்பவருக்கு 48 கிராம். இது புரதத்தின் எடை, உணவின் எடை அல்ல. 50 கிராம் முட்டையில் புரதம் 6 கிராம்தான்.

கேள்வி: பால் குடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் வயிறு உப்பி, பேதியாகிறது. வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதம்) பவுடரும் அப்படியே. நான் சைவம், முட்டையும் இல்லை. தயிர், பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். (வயது 34)

அவசரப்பட்டுவிட்டீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தொல்லை கொடுப்பது பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையாக இருக்கலாம். அதை உடைக்கும் லாக்டேஸ் நொதி வயதாக ஆகப் பலருக்குக் குறைந்துவிடும். பால் புரதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தயிரில் பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன, மீதியைச் செரிக்கவும் உதவுகின்றன. நன்றாக முதிர்ந்த பாலாடைக்கட்டியில் லாக்டோஸ் ஏறக்குறைய இல்லை. இந்தத் தொல்லை உள்ளவர்களிலும் பலர் சாப்பாட்டோடு சேர்த்து ஒரு கோப்பைப் பாலைத் தாங்கிவிடுகிறார்கள். வெறும் வயிற்றில்தான் வம்பு. பவுடரில் 'கான்சன்ட்ரேட்' வகையில் லாக்டோஸ் இருக்கும், 'ஐசோலேட்' வகையில் மிகக் குறைவு. சந்தேகம் தீரவேண்டும் என்றால், லாக்டோஸ் செரிக்கிறதா என்று மூச்சுக்காற்றில் பார்க்கும் ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை இருக்கிறது.

ஆனால் பால் குடித்ததும் தோல் தடித்தாலோ, உதடு வீங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ கதையே வேறு. அது பால் புரதத்துக்கான ஒவ்வாமை. அவர்களுக்கு ஐசோலேட்டும் ஆபத்து, லாக்டோஸ் நீக்கிய பாலும் ஆபத்து. இரண்டிலும் புரதம் அப்படியே இருக்கிறதே.

கேள்வி: எனக்கு ஐபிஎஸ் (எரிச்சல் குடல் நோய்). பருப்பு, கொண்டைக்கடலை எது சாப்பிட்டாலும் வாயு. இறைச்சி பிடிக்காது.

பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. பெருங்குடலில் இருக்கும் கிருமிகள்தான் அவற்றை நொதிக்க வைக்கின்றன, அந்த வாயுதான் உங்களைப் படுத்துகிறது. இந்தச் சர்க்கரைகள் நீரில் கரையும். அதனால் இரவு முழுக்க ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவையுங்கள். டப்பாவில் வரும் கடலையையும் வடித்து அலசிச் சாப்பிட்டால் சுமை குறையும். கெட்டி டோஃபு (சோயாப் பாலில் செய்யும் கட்டி) இன்னும் நல்லது. அழுத்திப் பிழியும்போது இந்தச் சர்க்கரை நீரோடு போய்விடுகிறது. பட்டுப்போன்ற மென் டோஃபுவில் அது நடப்பதில்லை, அதனால் ஒரே சோயாவில் ஒன்று ஒத்துக்கொள்ளும், மற்றது ஒத்துக்கொள்ளாது. முட்டை, மீன் சாப்பிடுவீர்கள் என்றால் அவற்றில் இந்தச் சர்க்கரைகள் இல்லை.

அப்புறம், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய குறை-ஃபாட்மேப் பத்தியத்தைக் (குடலில் நொதித்து வாயு உண்டாக்கும் சர்க்கரை வகைகளைக் குறைப்பது) கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் அந்தச் சர்க்கரைகள் உள்ள உணவுகளை எல்லாம் விலக்கும் கட்டம் 2 முதல் 6 வாரம் மட்டும்தான். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கவேண்டும். முதல் கட்டத்திலேயே வருடக்கணக்கில் நின்றுவிட்டு, மெலிந்துபோய் வருபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்கூட வரும்.

கேள்வி: ஐஜிஜி ரத்தப் பரிசோதனையில் 40 உணவுகள் எனக்கு ஆகாது என்று வந்திருக்கிறது. பால், முட்டை, பாதாம் எல்லாம் பட்டியலில் உண்டு.

அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். ஐஜிஜி என்பது ரத்தத்தில் உள்ள ஒரு எதிர்ப்பொருள், அது ஒரு உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டுகிறது, ஒத்துக்கொள்ளாமையை அல்ல.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, 62 கிலோ, சர்க்கரை நோய் உண்டு. ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம்) 38. சிறுநீரகத்துக்கு நல்லது என்று பருப்பு, முட்டை, பால் மூன்றையும் விட்டுவிட்டார். கிரியாட்டினின் கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் ஆள் ஒடுங்கிவிட்டார்.

எனக்கு இந்தக் கடைசி வரிதான் கவலை. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. தசை கரைந்தாலும் அது குறையும். சிறுநீரகம் தேறிவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட முடியாது.

38 என்பது நாள்பட்ட சிறுநீரக நோயில் மூன்றாம் நிலை. டயாலிசிஸ் இல்லாத இந்தக் கட்டத்தில் பொதுவான இலக்கு ஒரு கிலோவுக்கு 0.8 கிராம், அதாவது அவருக்கு 50 கிராம் போல. 1.3-க்கு மேல் போகக்கூடாது. குறைப்பது என்றால் அறவே விடுவது அல்ல. இரண்டு முட்டையில் 12 கிராம், 200 கிராம் வெந்த பருப்பில் 18, 200 மில்லி பாலில் 6 அல்லது 7. மீதி தானியத்திலிருந்தே வந்துவிடும், அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பொட்டாசியம் ஏறியிருந்தால் இந்தக் கணக்கு மாறும், அதனால் ரத்த அறிக்கையோடு சிறுநீரக மருத்துவரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பாஸ்பேட் சேர்த்துப் பதப்படுத்திய இறைச்சியை மட்டும் இப்போதே நிறுத்தலாம். சேர்மானமாக வரும் பாஸ்பேட் பெரும்பாலும் முழுசாக ரத்தத்தில் சேரும், பயறில் உள்ளது அவ்வளவு சேராது.

ஒருவேளை பின்னாளில் டயாலிசிஸ் தேவைப்பட்டால் விதி தலைகீழாகும். அப்போது ஒரு கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வேண்டும், ஏனென்றால் அதில் அமினோ அமிலங்களும் வெளியேறிவிடுகின்றன.

கேள்வி: கணவருக்குக் கல்லீரல் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்). புரதமே கூடாது என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.

அது பழைய காலத்து அறிவுரை, அம்மா. அம்மோனியா ஏறி மூளை குழம்பும் என்று பயந்து முன்பு குறைத்தார்கள். இப்போது ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம்வரை கொடுக்கச் சொல்கிறார்கள். அம்மோனியாவை அகற்றுவதில் தசைக்கும் பங்கு உண்டு, அதைக் கரையவிட்டால் நிலைமை மோசமாகும். பழுதான கல்லீரலால் இரவுக்கான சக்தியைச் சேமிக்க முடியாது, உடம்பு தசையைத் தின்ன ஆரம்பிக்கும். படுக்கப் போகும் முன் ஏதாவது சாப்பிடச் சொல்வது அதனால்தான். ஏற்கெனவே குழப்பம் வந்தவர் என்றால் இறைச்சியைவிடப் பாலும் பயறும் நன்றாக ஒத்துப்போகின்றன. வயிற்றில் நீர் கோத்திருந்தால் அந்த எடையைக் கழித்துக் கணக்கிடவேண்டும், அதை மருத்துவர் சொல்வார்.

கேள்வி: யூரிக் அமிலம் அதிகம், கவுட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு) வலி. பருப்பை நிறுத்திவிட்டேன், சரிதானே?

தேவையில்லை. பருப்பில் பியூரின் (உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பொருள்) உண்டு, ஆனால் கவுட்டோடு அது சேர்ந்து வரவில்லை. அமெரிக்காவில் சுமார் 47,000 ஆண்களை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2004-இல் வெளியான ஆய்வில் இறைச்சியும் கடல் உணவும்தான் ஆபத்தைக் கூட்டின. பியூரின் நிறைந்த காய்கறி, பயறு கூட்டவில்லை. பால் பொருட்கள், குறிப்பாகக் கொழுப்பு குறைந்தவை, ஆபத்தைக் குறைத்தன. நிறுத்தவேண்டியது ஈரலும் பீரும்.

கேள்வி: தைராய்டு மாத்திரை போடுகிறேன். சோயா விஷமா?

இல்லை. மாத்திரை உட்கிரகிப்பைச் சோயா கெடுக்கலாம், அவ்வளவுதான். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, சோயாவைச் சில மணி நேரம் தள்ளி வையுங்கள். புதிதாகத் தினமும் சேர்க்கிறீர்கள் என்றால் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கோதுமையை விட்டு மூன்று மாதம், வயிறு நன்றாக இருக்கிறது. இப்போது சீலியாக் (குளூட்டனால் சிறுகுடல் பழுதாகும் நோய்) பரிசோதனை செய்யலாமா?

செய்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். கோதுமையில் உள்ள புரதமான குளூட்டனைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அந்த எதிர்ப்பொருள் சோதனை பலிக்கும். மருத்துவர் மேற்பார்வையில் சில வாரம் திரும்பச் சாப்பிட்டுச் செய்யவேண்டும். மரபணுச் சோதனைக்கு மட்டும் அந்த நிபந்தனை இல்லை.

கேள்வி: நான்கு வயது மகனுக்கு முட்டை ஒவ்வாமை. கேக்கில் கலந்திருந்தால் ஒன்றும் ஆவதில்லை. முட்டை இல்லாமல் புரதம் போதுமா?

போதும். 16 கிலோ குழந்தைக்கு நாளுக்குத் தேவை 15 கிராம் போல. 400 மில்லி பாலிலேயே 13 கிராம் கிடைத்துவிடும். கேக் விஷயம் அதிசயமில்லை. மாவோடு சேர்ந்து நெடுநேரம் சூட்டில் வேகும்போது முட்டைப் புரதத்தின் வடிவம் மாறிவிடுவதால் பல குழந்தைகள் அதைத் தாங்குகிறார்கள். சரி, கேக் சாப்பிட்டானே என்று வீட்டில் ஆம்லெட் கொடுத்துப் பார்த்துவிடாதீர்கள். அந்தச் சோதனையை ஒவ்வாமை மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது, மருத்துவமனையில் செய்துகொள்ளுங்கள்.