பூனை இருக்கும் வீட்டில் எலி வளர்ப்பது: தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு பதில்

கேள்வி: "மகள் எலி வளர்க்க வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். வீட்டில் ஏற்கெனவே பூனையும் நாயும் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒன்றாகப் பழக்கிவிட முடியுமா? கன்னியாகுமரி மாவட்டத்தில் யாராவது எலி வளர்க்கிறீர்களா?"

வளர்க்கிறோம். தக்கலைக்குப் பக்கத்தில் பழைய ஓட்டு வீடு. ஒரு பூனை, ஒரு நாட்டு நாய், ஐந்து கோழி, இன்றைய கணக்குக்கு நான்கு எலி. இரண்டு வருடம் தாண்டிவிட்டது, யாரும் யாரையும் தின்னவில்லை. ஆனால் பழக்க முடியுமா என்று கேட்டால், முடியாது என்றுதான் சொல்வேன். எங்கள் வீட்டுச் சமாதானம் முழுவதும் ஒரு கதவுக் கொண்டியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் வண்ண மீன் விற்கும் ஒரு கடையில் மகள் இரண்டு குட்டி எலிகளைப் பார்த்தாள். ஒன்று முழு வெள்ளை, இன்னொன்றுக்குத் தலையும் தோளும் மட்டும் பழுப்பு. எலி கூட்டமாக வாழும் பிராணி, ஒற்றையாக வளர்த்தால் வாடிப்போகும் என்று எங்கேயோ படித்திருந்ததால் இரண்டையும் வாங்கினோம். "ரெண்டும் பொண்ணுதான்" என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். எள்ளு, கடலை என்று பெயர் வைத்தாள்.

வீட்டுக்குள் கொண்டுவந்த அன்று அத்தை (என் மாமியார்) கேட்டது இது: "எடி மக்களே, மச்சுல ஓடுறது போதாதுன்னு காசு குடுத்து வேற வாங்கணுமாக்கும்?"

நியாயமான கேள்வி. எங்கள் மச்சில் ஓடுவது கூரை எலி. ஒல்லியான உடம்பு, பெரிய காது, உடம்பைவிட நீளமான வால். தென்னையில் ஏறி இளங்காயைக் குடைந்து கீழே தள்ளுவதும் அதுதான். கடையில் விற்பது வேறு இனம். 'நார்வே எலி' என்று ஆங்கிலத்தில் பெயர், ஆனால் நார்வேக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, பூர்வீகம் சீனா, மங்கோலியா பக்கம். உடம்பு தடித்தது, வால் உடம்பைவிடக் குட்டை. ஐரோப்பாவில் நூறு வருடத்துக்கு மேலாகக் கூண்டிலேயே பெருக்கி, சாதுவானதைப் பொறுக்கி எடுத்து வளர்த்த வம்சம். 1901-லேயே இங்கிலாந்தில் இவற்றுக்கு அழகுப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். கூரை எலிக்குத்தான் இந்தியத் துணைக்கண்டம் சொந்த ஊர். இதை அத்தையிடம் சொன்னபோது, "அப்பம் மேல இருக்கவன் நம்ம ஊருக்காரன், கீழ இருக்கது உனக்க வெள்ளைக்காரி" என்றார். அன்றிலிருந்து வீட்டில் அவற்றுக்குப் பெயர் வெள்ளைக்காரிகள்தான்.

இனி பூனை. முதல் வாரம் கூண்டை ஹாலில் மேசைமேல் வைத்தோம். எங்கள் பாப்பி எதிர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். சீறவில்லை, பாயவில்லை, மூன்று மணி நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் போட்டோ எடுத்து, 'புது நண்பர்கள்' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வேறு வைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நான்காம் நாள் காலை எள்ளுவின் கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவப்பாகக் கசிந்திருந்தது. ரத்தம் என்று மகள் அழுதாள். அது ரத்தம் இல்லை. எலியின் கண்ணுக்குப் பின்னால் உள்ள ஒரு சுரப்பியிலிருந்து போர்பிரின் என்ற சிவப்பு நிறமி வரும். சாதாரணமாக எலி அதை உடனுக்குடன் துடைத்துக்கொள்ளும். மிரண்டாலோ நோய் வந்தாலோ அதிகம் சுரக்கும், துடைக்கவும் செய்யாது. பிறந்ததிலிருந்து பூனையையே பார்த்திராத ஆய்வுக்கூட எலிகூட பூனை வாடை பட்டால் உறைந்துபோய் ஒளிந்துகொள்ளும். தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் இருந்தும் அந்தப் பயம் மட்டும் போகவில்லை. நான் நட்பு என்று போட்டோ எடுத்த அந்த மூன்று மணி நேரமும் எள்ளுவுக்கு என்னவாக இருந்திருக்கும்!

அன்றைக்கே கூண்டைப் பின்பக்கச் சாய்ப்புக்கு (வீட்டுச் சுவரோடு சரித்து இறக்கிய அறை) மாற்றினோம். அதற்குத் தனிக் கதவு, வெளிப்பக்கம் கொண்டி. இரண்டு மூன்று நாளில் சிவப்பு நின்றது. (உங்கள் எலிக்குச் சிவப்போடு தும்மலும், மூச்சில் கரகர சத்தமும் இருந்தால் அது பயம் இல்லை, நெஞ்சு நோய். எலிகளுக்கு அது ரொம்ப சகஜம். கூண்டில் மூத்திர நெடி ஏற ஏற அந்த நோயும் அதிகமாகும்.) சமூக வலைத்தளத்தில் பூனையும் எலியும் கட்டிப்பிடித்துத் தூங்கும் வீடியோக்கள் வரும். அவை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பூனைக்கு ஒரே ஒரு நிமிடம் மனம் மாறினால் போதும். சின்னக் கீறல்கூட ஆபத்து, பூனையின் வாயிலும் நகத்திலும் இருக்கும் கிருமி எலியைச் சீக்கிரம் முடித்துவிடும்.

நாய் விஷயத்தில் எனக்கு யோசனையே வரவில்லை. மரச்சீனி (மரவள்ளி) விளைக்குள் மணி ஒரு பெருச்சாளியைப் பிடித்ததை நேரில் பார்த்திருக்கிறேன். கவ்வியதும் ஒரே உதறல், முடிந்தது. குழந்தை காதைப் பிடித்து இழுத்தாலும் பேசாமல் இருக்கும் நாய்தான். ஆனாலும் சாய்ப்புப் பக்கம் அவனுக்கு அனுமதி கிடையாது. கோழிகள் வெளியே, எலிகள் உள்ளே, சந்திப்பே இல்லை. குஞ்சு பொரிக்கும் காலத்தில் எலியைக் கோழிக்கூட்டுப் பக்கம் விடாதீர்கள், செல்ல எலியானாலும் குஞ்சைத் தின்னும். வெள்ளைச் சுண்டெலியையும் ஒரே கூண்டில் போடாதீர்கள். பெரிய எலி அதைக் கொன்றுவிடும்.

இவ்வளவு காவலும் பூனைக்கும் நாய்க்கும் எதிராகப் போட்டோம். ஆபத்து வந்தது மச்சிலிருந்து.

ஒரு நாள் காலை கூண்டுக்கு வெளியே, தரையில், எலிப் புழுக்கை கிடந்தது. எங்கள் எலிகள் வெளியே வரவில்லை. அப்படியானால் ராத்திரி விருந்தாளி வந்திருக்கிறார். கூண்டிலிருந்து சிதறும் பயறுக்கும் கம்புக்கும் மேலிருந்து இறங்கி வந்திருக்கிறது. இதை நீங்கள் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரிலிருந்து இன்னொரு மழை. வருடத்தில் பாதி முற்றம் ஈரம்தான். எலிக்காய்ச்சல் கிருமி எலி மூத்திரத்தில் வெளியேறி ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் தங்கும். காலில் உள்ள சின்னப் புண் வழியாகவே உடம்புக்குள் ஏறும். கூரை எலியிடமிருந்து செல்ல எலிக்கு வரலாம், அதிலிருந்து குழந்தைக்கு வரலாம். நாய்க்கும் வரும். நாய்க்குப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் இதற்கும் சேர்த்து இருக்கிறதா என்று கேட்டுப் போடுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்து டாக்டரிடம் போனால், எலி வளர்க்கிறோம் என்று முதலில் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

சாய்ப்பின் கூரைக்கு அடியிலும் ஜன்னலிலும் அரை இஞ்ச் கம்பி வலை அடித்தோம். தானியமெல்லாம் மூடி போட்ட எவர்சில்வர் தூக்குகளுக்குப் போனது. எலி பேஸ்ட் வீட்டுக்குள் வரக் கூடாது என்று சட்டம் போட்டேன். எலியால் வாந்தி எடுக்க முடியாது. அதனால்தான் விஷம் அதனிடம் பலிக்கிறது, அதனால்தான் அது புதுத் தீனியைக் கொஞ்சமாகக் கடித்துப் பார்த்துவிட்டுக் காத்திருக்கிறது. விஷம் தின்ற எலியைப் பூனை பிடித்துத் தின்றால் பூனைக்கும் ஆபத்து. குழந்தை இருக்கும் வீட்டில் அந்த பேஸ்டைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

மிச்சம் இருந்தது எலிப்பெட்டி. தேங்காய்ச் சில்லைச் சுட்டு மாட்டி மச்சில் வைத்தோம். இரண்டாம் நாளே ஒன்று மாட்டியது. மகள் பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, "அம்மா, இதுக்க பேரு என்ன?" என்று கேட்டாள். அத்தை அடுப்படியிலிருந்தே சொன்னார்: "மேல ஓடுறதுக்குப் பெட்டி, கீழ இருக்கதுக்கு மட்டிப்பழம். நல்ல நியாயம் பிள்ளே." எனக்குப் பதில் வரவில்லை. என் வீட்டுக்காரர் பெட்டியை ஒரு சாக்கில் போட்டு பைக்கில் எடுத்துக்கொண்டு போனார், அரை மணி நேரத்தில் காலிப் பெட்டியோடு திரும்பினார். எங்கே விட்டார், விட்டாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. எலி வளர்க்க நினைக்கிறவர் இந்த நாளுக்கும் சேர்த்துத்தான் தயாராக வேண்டும். உங்கள் வீட்டிலும் மேலே ஒன்று ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

கடைக்காரரின் "ரெண்டும் பொண்ணுதான்" விஷயத்துக்கு வருகிறேன். வாங்கி ஒன்றரை மாதத்தில் எள்ளு ஒன்பது குட்டி போட்டாள். கர்ப்பம் வெறும் 21 முதல் 23 நாள். குட்டி போட்ட அன்றே அடுத்த கர்ப்பம் பிடிக்கவும் செய்யும். அது தெரிந்திருந்ததால் காலையில் பார்த்தவுடனேயே கடலையைத் தூக்கித் தனியே ஒரு பழைய பறவைக் கூண்டில் போட்டோம். ஐந்து வாரம் ஆனதும் குட்டிகளிலும் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அண்ணன் தங்கை என்றெல்லாம் அவை பார்ப்பதில்லை. வாங்கும்போது வாலைத் தூக்கிப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு விதை பெரிதாகவே தெரியும், சந்தேகமே வராது. சின்னக் குட்டியானால் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆறு குட்டிகளுக்கு நல்ல வீடு தேடி அலைந்தது, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைவிடக் கஷ்டம். பாதிப் பேர் "பாம்புக்குப் போடவா?" என்று கேட்டார்கள்.

சாப்பாடு சுலபம். கம்பு, சோறு, வேகவைத்த சிறுபயறு, கீரை, எப்போதாவது அவித்த முட்டை. மரச்சீனி பச்சையாகக் கொடுக்கக் கூடாது, விஷம் உண்டு. அவித்தால் பேயாகத் தின்னும். ஏத்தன்பழத்தைவிட மட்டிப்பழம்தான் பிடிக்கிறது, அதில் எனக்கும் அவற்றுக்கும் ஒரே கருத்து. கூண்டின் அடியில் மரத்தூள் போடாதீர்கள், தூசி நெஞ்சுக்கு ஆகாது. கிழித்த தினசரித் தாள் போதும். இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

வெயில்தான் நமக்குப் பிரச்சினை. எலிக்கு நம்மைப்போல வியர்க்காது, உடம்புச் சூட்டை வெளியேற்ற வால்தான் ரொம்ப உதவும். ஏப்ரலில் கரண்ட் போன ஒரு மத்தியானம் கடலை கூண்டில் மல்லாந்த மாதிரி நீண்டு கிடந்தான். பதறிப்போய், முற்றத்தில் கிடந்த பழைய கூரை ஓடு ஒன்றைத் தண்ணீரில் முக்கி உள்ளே வைத்தேன். ஐந்து நிமிடத்தில் அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டான். இப்போது கோடை முழுவதும் இரண்டு ஓடு மாற்றி மாற்றி ஊறிக்கொண்டிருக்கும். காசில்லாத ஏசி.

ஆயுள் இரண்டு, மிஞ்சினால் மூன்று வருடம். மகளிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. எள்ளுவுக்குக் கைக்கு அடியில் ஒரு கட்டி வந்தது, பெண் எலிகளுக்கு அதிகம் வரும் மார்புக் கட்டி. மாட்டாஸ்பத்திரிக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுபோனோம். வரிசையில் முன்னால் ஒரு ஆடு, பின்னால் ஒரு கன்றுக்குட்டி. டாக்டர் சிரிக்கவில்லை, உள்ளங்கையில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, இந்த வயதுக்கு அறுத்தால் தாங்காது என்றார். இன்னும் ஐந்து வாரம் இருந்தாள். செம்பருத்தி மூட்டில் புதைத்தோம். மணி தோண்டிவிடாமல் இருக்க அத்தைதான் அம்மிக்குழவியை எடுத்து மேலே வைத்தார். வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சட்டச் சிக்கல் உண்டா என்று இதற்குக் கீழே யாராவது கேட்பார்கள். வெள்ளை எலிக்கு இல்லை. கூண்டில் பச்சைக்கிளி வளர்க்கிறார்களே, அதுதான் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

இப்போது எங்கள் வீட்டு வழக்கம் இது: ராத்திரி ஏழரைக்குப் பாப்பியைப் படுக்கை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவோம், மணி வெளியே சங்கிலியில். மகள் கை கால் கழுவி, பூனையைத் தொட்ட சட்டையை மாற்றிவிட்டுச் சாய்ப்புக்குள் போவாள். எட்டரை வரை எலிகளின் நேரம். அவள் சட்டைக்குள் புகுந்து கழுத்து வழியாக வெளியே வரும். மல்லாக்கப் போட்டு வயிற்றில் கிச்சுகிச்சு மூட்டுவாள். எலி அதற்குச் சிரிக்கும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1990-களின் கடைசியில் ஜாக் பாங்க்செப் என்பவர் கருவி வைத்துக் கண்டுபிடித்தது. 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் கீச்சிடும். நம் காது 20-க்கு மேல் கேட்காது, அதனால் மகளுக்கு அது வெறும் கை கால் உதறலாகத்தான் தெரியும். விரலை எடுத்தால் துரத்தி வந்து இன்னும் வேண்டும் என்று கையை முட்டும்.

பூனைக்கு அந்தச் சத்தம் கேட்கும். படுக்கை அறையில் நான் துணி மடித்துக்கொண்டிருப்பேன், பாப்பி கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருப்பாள். எனக்கு ஒன்றும் கேட்காத அந்த நேரத்தில் அவளுடைய இரண்டு காதும் சாய்ப்புச் சுவர்ப் பக்கம் மெல்லத் திரும்பும். நான் எழுந்துபோய்க் கொண்டியை இன்னொரு முறை பார்த்துவிட்டு வருவேன்.