அம்மம்மாவும் ஓசோனும்

கேள்வி: ஓசோன் நம்மைக் காக்கும் படலம் என்றுதானே படித்தோம், இப்போது அது வயதானவர்களின் உயிருக்கு ஆபத்து என்கிறார்களே? என் அம்மம்மா தினமும் பின்னேரம் முற்றம் கூட்டிச் சருகு எரிக்கிறா. - வாசகி, கோண்டாவில்

பதில்: காப்பது மேலே, வானத்தில் இருக்கிற ஓசோன், தங்கச்சி. வாகனப் புகையும் பெற்றோல் ஆவியும் வெயிலில் சேர்ந்து தரையோடு உண்டாகிற ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும். அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய சுமார் 6 கோடிப் பேரை 2000 முதல் 2012 வரை கவனித்ததில், கோடைகால ஓசோன் நூறு கோடிக்கு 10 பங்கு கூடுதலாக இருந்தால் இறப்பு அபாயமும் 1.1 சதவீதம் கூடுதலாக இருந்தது. சின்னக் கணக்குத்தான், ஆனால் ஊரே சுவாசிக்கிற காற்றல்லவா! மத்தியானம் முதல் பின்னேரம் வரை ஓசோன் கூடுதலாக இருக்கும், சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது, அதனால் கூட்டுகிற வேலையை விடியக்காலைக்கு மாற்றச் சொல்லுங்கள். சருகை எரிக்கவே வேண்டாம், வாழையடியில் போடுங்கள். இழுப்பு இருந்தால் உடனே டொக்டரிடம் காட்டுங்கள்.