தோட்டத்துக் கடன் கடை பட்டணத்தில் கிளை விட்டது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊர்களில் ஒரே குடும்பம் மூன்று நான்கு மளிகைக்கடை வைத்திருப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். எல்லாம் கடன் கொடுத்து வளர்ந்ததுதான். ரப்பர் தோட்டத்தில் சம்பளம் மாதம் ஒருமுறை. அதுவரை அரிசி, பருப்பு, கருவாடு எல்லாம் அட்டையில் 555 என்று அச்சிட்ட குட்டிப் புத்தகத்தில் ஏறும். கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று. சம்பள நாளில் இரண்டையும் ஒத்துப் பார்ப்பார்கள். எண்ணெய்க் கறை படிந்திருந்தால் அது வீட்டுப் புத்தகம்!

அப்புறம் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பருக்குப் பதில் செம்பனை (பாமாயில் மரம்) வந்தது, சனம் தாமான்களுக்கு, அதாவது பட்டணத்துக் குடியிருப்புகளுக்குக் குடிபோனது. கடைக்காரரின் பிள்ளைகளும் பின்னாலேயே போய் அங்கே கிளை திறந்தார்கள். யார் கடனைத் திருப்புவார் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

பெரிய அளவில் வளர்ந்த குடும்பக் கடை என்றால் மைடின் பேரங்காடி. 1957இல் கோத்தா பாருவில் சிறு கடையாகத் தொடங்கியது. என்ன, அங்கே 555 கடன் புத்தகம் செல்லாது.