மெஷின் மேல் போட்ட சுங்குடிச் சேலை

கேள்வி: எனக்கு 48 வயது. மதுரை செல்லூரில் இருக்கிறோம். கணவர் தனியார் மில்லில் ஸ்டோர் கீப்பர். 16 வருடமாக வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். மகளின் இன்ஜினீயரிங் ஃபீஸில் பாதிக்கு மேல் என் தையல் காசுதான். இப்போது அவள் சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். போன மாதம் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, “உங்க அம்மா என்ன பண்றாங்க?” என்று கேட்டார். “அம்மா சும்மா வீட்லதான் இருக்காங்க” என்று சொல்லிவிட்டாள். காபித் தட்டோடு நான் அங்கேதான் நிற்கிறேன். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. நானும் வேலையைக் காட்டிக்கொள்கிற ஆள் இல்லை. தினமும் ஆறே காலுக்குள் துண்டுத் துணியெல்லாம் கூட்டி அள்ளிவிட்டு, மெஷின் மேல் பழைய சுங்குடிச் சேலையைப் போட்டு மூடிவிடுவேன். அவர் வரும்போது வீடு வீடாக இருக்க வேண்டுமே. கல்யாணப் பிளவுஸைக்கூட சென்னையில் ஆரி வேலைக்குக் கொடுக்கப் போகிறாளாம். அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். இந்த நேரத்தில் மகளிடம் இதைக் கேட்கலாமா, விட்டுவிடலாமா?
பெயர் வேண்டாம், மதுரை.

பதில்: சகோதரி, உங்கள் மகள் தானாக எதையும் கற்பனை செய்து சொல்லவில்லை. பதினாறு வருடமாக நீங்கள் சொல்லிக்கொடுத்ததை, கேட்டவுடன் ஒப்பித்திருக்கிறாள்.

இந்த வருத்தத்தை எத்தனையோ கையெழுத்தில் படித்துவிட்டேன். இட்லி மாவு அரைத்து விற்கிறவர் எழுதியிருக்கிறார், மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர் எழுதியிருக்கிறார், சாயங்காலம் இருபது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறவர் எழுதியிருக்கிறார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான், மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்ல மாட்டேன். காபித் தட்டு வருகிற இடத்தை ஒரு தடவைதான் படித்தேன். சுங்குடிச் சேலை வருகிற இடத்தை நாலைந்து தடவை படித்தேன்.

மெஷினை மூடச் சொன்னது யார்? கணவர் சொன்னதாகக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. மாமியார் சொன்னதாகவும் இல்லை. வீடு வீடாக இருக்க வேண்டும் என்கிறீர்கள். கிரைண்டர் மேல் சேலை போடுகிறீர்களா? டி.வி. மேல்? அவர் பைக் வாசலை அடைத்துக்கொண்டு நிற்குமே, அதனால் வீடு வீடாக இல்லாமல் போகிறதா? பிள்ளைக்கு ஃபீஸ் கட்டிய சாமான் ஒன்று அந்த வீட்டில் இருக்கிறது. அதற்கு மட்டும் முக்காடா?

அந்தப் பெண்ணுக்கு எட்டு, ஒன்பது வயதிலிருந்து நடக்கிற காரியம் இது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஹோம்வொர்க் எழுதும்போதும் ஓடியிருக்கும். ஆறு அடித்ததும் நின்றிருக்கும். அம்மா அவசர அவசரமாகக் கூட்டுவாள். ஊசி, குண்டூசி கிடக்கிறதா என்று தரையைக் கையால் தடவிப் பார்ப்பாள். நூல்கண்டு டப்பா கட்டிலுக்கு அடியில் போகும். சேலை வந்து மெஷின் மேல் விழும். அப்புறம் வாசலில் அப்பாவின் பைக் சத்தம் கேட்கும். தினம் தினம் இதைப் பார்க்கிற குழந்தைக்கு என்ன புரியும்? அம்மா செய்வது ஆள் வரும்போது மறைக்க வேண்டிய வேலை என்று புரியும். வெளியாட்கள் வந்து உட்கார்ந்தபோது அவளும் மறைத்தாள். அவள் கையில் சேலை இல்லை, ‘சும்மா’ இருந்தது, அதைப் போட்டு மூடினாள்.

நீங்கள் மதுரைக்காரர். புதுமண்டபத்தைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறும்வரை, திருமலை நாயக்கர் கட்டிய அந்தக் கல் தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தார்களே தையல்காரர்கள், அவர்களில் யாராவது ஆள் வருகிறது என்று மெஷினை மூடினார்களா? சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகருக்கு வேஷம் கட்டுகிறவர்களுக்கு உடை தைத்துக் குவிப்பார்கள். சுற்றிலும் துணித் துண்டு கிடக்கும். அங்கே உட்கார்ந்து தைக்கிற ஆணின் பிள்ளையிடம் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால், டெய்லர் என்று பட்டென்று சொல்லும். உங்கள் மெஷினிலும் அதே பாபின், அதே கத்தரி, அதே முதுகுவலி. உங்களுக்கு ஏன் அந்தப் பெயர் கிடைக்கவில்லை?

என் அம்மா அப்பளம் இட்டு விற்றவர். அப்பளத்தை ஒளித்து வைக்க முடியாது, வெயிலில் பாய் விரித்துக் காய வைத்துத்தான் ஆக வேண்டும். தெருவே பார்க்கும். பள்ளிக்கூடத்தில் என்னை ‘அப்பளக்காரம்மா மக’ என்றுதான் கூப்பிட்டார்கள். பத்து வயதில் எனக்கு அது பிடிக்கவில்லை, அழுதிருக்கிறேன். அம்மா பாயை ஒரு நாளும் கொல்லைப்புறத்துக்கு மாற்றவில்லை. அம்மா சும்மா இருக்கிறாள் என்று சொல்ல என் நாக்கு எந்த வயதிலும் வராமல் போனதற்கு, தெருவில் விரித்த அந்தப் பாய்தான் காரணம்.

தையலே தெரியாமல் வீட்டை மட்டும் பார்த்துக்கொள்கிற பெண்ணையும் சும்மா இருக்கிறாள் என்று சொல்லக் கூடாது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு சேர்த்து, பொருளாதாரத்துக்குப் பயன் தராதவர்கள் பட்டியலில் வைத்தது. அதை உச்ச நீதிமன்றம் 2010-இல் ஒரு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பில் கண்டித்தது. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள் என்று வந்தது. ஆண்களுக்கு 97 நிமிடம். நீங்கள் அந்த ஐந்து மணி நேரத்தையும் முடித்துவிட்டு, அதற்கு மேல் மெஷினில் உட்கார்ந்தவர். அந்தச் சொல்லை உங்கள் மேல் போட நீங்களே இடம் கொடுத்ததுதான் எனக்கு ஆத்திரம்.

கணவரின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பீர்கள். மனைவி சம்பாதித்துத்தான் குடும்பம் நடக்கிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பயம். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. கணவரின் கௌரவத்தைக் காப்பது மனைவியின் கடமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரிடமிருந்தே ஒளிப்பது அந்தக் கடமையில் சேராது. அவர் ஸ்டோர் கீப்பர். மில்லில் ஒரு போல்ட் குறைந்தாலும் எங்கே போனது என்று கேட்டுப் பழகியவர். வீட்டில் ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஃபீஸ் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் நீங்கள் மூடுகிறீர்கள், அவரும் கேட்காமல் சாப்பிட உட்காருகிறார். ‘அந்தச் சேலையை எடு, இருந்துட்டுப் போகட்டும்’ என்று பதினாறு வருடத்தில் ஒரு நாள் அவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது அவர் தவறு. அதை அவரிடமும் நான் நேராகவே சொல்வேன்.

ஒளித்ததில் காசு நஷ்டமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் தையல் தொழிலாளர்களுக்கென்று தனி நல வாரியம் உண்டு, தொழிலாளர் துறையின் கீழ். 18 வயது முதல் 60 வயது வரை பதிந்துகொள்ளலாம். உறுப்பினரின் பிள்ளைகளின் படிப்புக்கு, திருமணத்துக்கு உதவித்தொகை, கண் கண்ணாடிக்கு உதவி, 60 வயதுக்குப் பிறகு மாத ஓய்வூதியம் எல்லாம் அதில் இருக்கிறது. மகள் காலேஜில் சேர்ந்த வருடமே நீங்கள் அதில் இருந்திருந்தால் படிப்புக்கே கேட்டிருக்கலாம். ‘தொழில்: தையல்’ என்று ஒரு படிவத்தில் உங்கள் கையால் எழுத வேண்டியிருக்கும் என்பதால்தானே போகவில்லை? உங்களுக்கு 48. இன்னும் பன்னிரண்டு வருடம் இருக்கிறது. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் எடுத்துக்கொண்டு போய் என்னென்ன வேண்டும் என்று விசாரியுங்கள். பதிந்தால் போதாது, காலத்தில் புதுப்பிக்கவும் வேண்டும்.

சரி, மகளிடம் கேட்கலாமா என்றால், கேட்கத்தான் வேண்டும். 24 வயதுப் பெண். ஆறு மணிக்கு மூடினதைப் பார்த்தவள், ஆறு மணி வரை ஓடினதையும் பார்த்தவள்தான். தன் ஃபீஸ் ரசீதும் அவள் கையில்தான் இருந்தது. நீங்கள் மறைத்தீர்கள் என்பதற்காக அவள் மேல் குற்றமே இல்லை என்று ஆகாது. நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகிறவள், பெற்றவளின் உழைப்பை வாய் திறந்து சொல்லத் தெரியாமல் போனால் அங்கே தன் உழைப்பையும் சொல்ல மாட்டாள். கல்யாணம் கூடி வருகிற நேரம் என்பதால்தான் இப்போதே பேச வேண்டும்.

ஆனால் அதற்கு முன்னால் சேலையை எடுங்கள். இன்று சாயங்காலமே. துண்டுத் துணியைக் கூட்டிக்கொள்ளுங்கள், அது சுத்தம். மெஷினை அப்படியே விடுங்கள், பாதி தைத்த பிளவுஸ் ஊசிக்கு அடியிலேயே இருக்கட்டும். அவர் வந்து பார்த்துக் கேட்டால், முகூர்த்த மாசம், ராத்திரி சாப்பிட்டுவிட்டு இன்னும் ரெண்டு முடிக்கணும் என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். அனுமதி கேட்கிற குரலில் சொல்லாதீர்கள். நிச்சயதார்த்தத்துக்குச் சம்பந்தி வீட்டார் வரும்போதும் மெஷின் அதே இடத்தில் இருக்கட்டும். அந்த அம்மாவிடம், “நான் பிளவுஸ் தைக்கிறேன், பதினாறு வருஷமாச்சு” என்று நீங்களே சொல்லுங்கள். மகள் எடுத்துச் சொல்வாள் என்று காத்திருக்காதீர்கள்.

உங்களிடம் அளவு நோட்டுகள் இருக்கும். தையல்காரர் யாரும் அதைத் தூக்கிப் போட மாட்டார்கள். பெயர், மார்பளவு, இடுப்பு, கை நீளம், முன் கழுத்து ஆறு, பின் கழுத்து எட்டரை, அட்வான்ஸ் இவ்வளவு, பாக்கி இவ்வளவு. பதினாறு வருட நோட்டுகளையும் அடுத்த தடவை மகள் வீட்டுக்கு வரும்போது அவள் முன்னால் வையுங்கள். எந்தப் பக்கத்துக் காசு எந்த செமஸ்டருக்குப் போனது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். அழாதீர்கள், கணக்குச் சொல்வதுபோல் சொல்லுங்கள்.

ஆரி வேலையைச் சென்னையிலேயே போட்டுக்கொள்ளட்டும், அது வேறு கைவேலை. வேலை போட்ட துணியை மதுரைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வெட்டித் தைப்பது நீங்கள்தான் என்று இப்போதே போனில் சொல்லிவிடுங்கள். கூலியும் சொல்லுங்கள். சம்பளம் வாங்குகிறாள், கொடுக்கட்டும்.