ஜார்ஜியா 1868: சபை துரத்திய உறுப்பினர்கள்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காலம் பற்றிய உங்கள் கட்டுரையில், 1868-இல் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வான கறுப்பின உறுப்பினர்கள் அதே ஆண்டே வெளியேற்றப்பட்டார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். மக்கள் தேர்ந்தெடுத்தவர்களைச் சபையே எப்படி வெளியே அனுப்ப முடியும்? நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "நேற்றுவரை அடிமைகளாக இருந்தவர்கள், எழுத்தறிவு இல்லாதவர்கள். அவர்களுக்குச் சட்டம் இயற்ற என்ன தெரியும்? அது தகுதி குறித்த சட்டச் சிக்கல்தான்" என்றார். அதில் நியாயம் உண்டா? அவர்கள் பிறகாவது திரும்பி வந்தார்களா?

ம.

அன்புள்ள ம.,

நியாயம் இல்லை. சட்டச் சிக்கல் என்பது அன்றைக்கே சொல்லப்பட்ட சாக்கு. நூற்றைம்பது ஆண்டுகள் தாண்டியும் அது உங்கள் நண்பர் வாயில் வருகிறது என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நடந்ததைத் தேதி வாரியாகப் பாருங்கள். போரில் தோற்ற தென்மாநிலங்கள் மீண்டும் ஒன்றியத்தில் சேர வேண்டுமானால், கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தரும் புதிய அரசியல் சாசனம் எழுத வேண்டும், எல்லோருக்கும் குடியுரிமையும் சமமான சட்டப் பாதுகாப்பும் தரும் அமெரிக்க அரசியல் சாசனத்தின் 14-வது திருத்தத்தை ஏற்க வேண்டும் என்று 1867-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிபந்தனை போட்டது. 1868 ஏப்ரலில் ஜார்ஜியாவில் தேர்தல் நடந்தது. முன்னாள் அடிமைகள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். கறுப்பினத்தவர் 33 பேர் தேர்வானார்கள்; மேலவையில் 3 பேர், கீழவையில் 30 பேர். ஜூலையில் அட்லாண்டாவில் சபை கூடியது. இவர்களையும் உட்காரவைத்துக்கொண்டுதான் 14-வது திருத்தத்தை நிறைவேற்றினார்கள். அதுவரை மாநிலத்தை மேற்பார்த்துவந்த ஒன்றிய ராணுவத்தின் பிடி தளர்ந்தது. ஆறே வாரத்தில், செப்டம்பர் 3 அன்று, கறுப்பினத்தவருக்குப் பதவி வகிக்கும் உரிமை இல்லை என்று கீழவை 83-க்கு 23 என்ற கணக்கில் முடிவெடுத்தது. சில நாட்களில் மேலவையும் அதே வழியில் போனது.

உண்மையிலேயே தகுதியில் ஐயம் இருந்திருந்தால் ஜூலையில் எழுந்திருக்க வேண்டும். ராணுவம் பார்த்துக்கொண்டிருந்தவரை யாருக்கும் அந்த ஐயம் வரவில்லை.

வெளியேற்றியவர்களின் வாதம் இதுதான்: புதிய சாசனம் கறுப்பினத்தவருக்கு வாக்களிக்கும் உரிமையைத் தருகிறது, ஆனால் பதவி வகிக்கலாம் என்று எங்கும் வெளிப்படையாகச் சொல்லவில்லை, சொல்லாத உரிமை இல்லாத உரிமை. தன் உறுப்பினர்களின் தகுதியைச் சபையே தீர்மானிக்கலாம் என்ற அதிகாரம் அமெரிக்கச் சட்டமன்றங்களுக்குப் பொதுவாக உண்டு. அந்த அதிகாரத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். யாரைப் பற்றிய தீர்மானமோ அவர்களுக்கே அதில் வாக்களிக்க அனுமதி இல்லை. தோல் வெளுப்பாக இருந்த கலப்பின உறுப்பினர்கள் நால்வர் மட்டும், கறுப்பினத்தவர் என்று நிரூபிக்க முடியாததால் தப்பினார்கள். காலியான இடங்களில் யார் உட்கார்ந்தார்கள் தெரியுமா? அதே தொகுதிகளில் இவர்களிடம் தோற்றவர்கள். தகுதி பற்றிய ஆராய்ச்சிக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. போதாதென்று, கறுப்பினத்தவர் பதவி வகிக்கலாம் என்று 1869-இல் ஜார்ஜியாவின் உச்ச நீதிமன்றமே வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் சபை இவர்களைத் தானாக அழைத்துக்கொள்ளவில்லை.

இனி எழுத்தறிவு. அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் போட்டதும் இதே ஜார்ஜியாதான். கையைக் கட்டிப்போட்டவனே, நீந்தத் தெரியவில்லை என்று பழிப்பதுபோல இருக்கிறது அந்தக் குற்றச்சாட்டு. அதையும் மீறிப் படித்தவர்கள் இருந்தார்கள். மேகன் நகரிலிருந்து தேர்வாகி வெளியேற்றப்பட்ட ஹென்றி மெக்நீல் டர்னர் தென் கரோலினாவில் பிறந்தவர். சிறுவயதில் வழக்கறிஞர்கள் அலுவலகம் ஒன்றில் எடுபிடி வேலை பார்த்தார். அங்கிருந்தவர்கள் சட்டத்துக்கு விரோதமாகத்தான் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். பின்னாளில் போதகரானார், போரின்போது கறுப்பினப் படைப்பிரிவுக்கு லிங்கன் நியமித்த சமயகுரு அவர்.

செப்டம்பர் 3 அன்று டர்னர் சபையில் ஆற்றிய உரை அச்சில் இருக்கிறது. யார் முன்னும் கூனிக் குறுகி உரிமையை யாசிக்கப்போவதில்லை என்றுதான் தொடங்குகிறார். குற்றம் செய்தவனின் உரிமையைப் பறித்த கதைகள் உலகில் உண்டு, ஆனால் தன் தோள்மேல் இருக்கும் தலைக்கு ஒருவன் எவ்வளவு பொறுப்போ அவ்வளவே பொறுப்பான ஒன்றுக்காக அவனைக் கூண்டில் நிறுத்துவது இந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜார்ஜியாவுக்கே வாய்த்திருக்கிறது என்கிறார். நான் மனிதனா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்று கேட்கிறார். இந்த மனிதருக்கா சட்டம் இயற்றத் தெரியாது?

இன்னொருவர் அப்ரம் கோல்பி, கிரீன் மாவட்டத்துக்காரர், அடிமையாகப் பிறந்தவர். 1869 அக்டோபரில் வெள்ளையின வெறி ரகசிய அமைப்பான கு க்ளக்ஸ் கிளானின் ஆட்கள் அவர் வீட்டுக் கதவை உடைத்து, காட்டுக்கு இழுத்துப்போய் மணிக்கணக்கில் அடித்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் பேரம் பேசியிருந்தார்கள்: அவர் இடத்தில் வேறொருவர் சட்டமன்றம் போக விட்டுக்கொடுத்தால் ரொக்கமாக 2,500 டாலர். இந்த மாவட்டத்தின் மொத்த மதிப்பையும் கொடுத்தாலும் முடியாது என்றிருக்கிறார் கோல்பி. அடியின் நடுவே, இனியும் கறுப்பினத்தவர் உரிமைக்கு நின்ற குடியரசுக் கட்சிக்கு வாக்களிப்பாயா என்று கேட்டார்கள். நாளைக்கே தேர்தல் வந்தாலும் போடுவேன் என்றார். மறுபடி அடி. அப்பாவைக் கொண்டுபோகாதீர்கள் என்று கெஞ்சிய சிறுமகள் மீது துப்பாக்கியை நீட்டியிருக்கிறார்கள். சாகும்வரை அந்தப் பயத்திலிருந்து அவள் மீளவில்லை, எல்லாவற்றிலும் தன்னை வாட்டுவது அதுதான் என்று கோல்பி பின்னால் தந்த வாக்குமூலத்தில் சொல்கிறார். அவருடைய இடது கை பிறகு சரியாகவே இல்லை.

இதைப் படித்த நாளிலிருந்து, மக்கள் பிரதிநிதி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோல்பி முகம் தெரியாமலேயே நினைவுக்கு வருகிறார்.

திரும்பி வந்தார்களா? வந்தார்கள். 1869 டிசம்பரில் காங்கிரஸ் ஜார்ஜியாவை மறுபடி ராணுவ மேற்பார்வையில் வைத்தது. 1870 ஜனவரியில் அங்கே ராணுவப் பொறுப்பில் இருந்த ஜெனரல் டெர்ரி, போரில் தென்மாநிலக் கூட்டமைப்பின் பக்கம் நின்றதால் பதவிக்குத் தகுதியற்றவர்களைச் சபையிலிருந்து நீக்கினார். வெளியேற்றப்பட்டவர்கள் தங்கள் இருக்கைகளுக்குத் திரும்பினார்கள். இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற 15-வது திருத்தத்தையும் அந்தச் சபை ஏற்றது. ஆனால் அந்தக் காலம் நீளவில்லை. 1871-இல் குடியரசுக் கட்சி ஆளுநர் புல்லக் மாநிலத்தைவிட்டே ஓட வேண்டியிருந்தது. மேலவை உறுப்பினராக இருந்த டூனிஸ் கேம்ப்பெல் அறுபது வயதைத் தாண்டிய பிறகு சிறைக்கு அனுப்பப்பட்டு, கைதியாகத் தோட்ட வேலைக்குக் குத்தகை விடப்பட்டார். 1907-இல் கடைசிக் கறுப்பின உறுப்பினர் பதவி விலகினார். அடுத்தவர், லிராய் ஜான்சன், 1962-இல்தான் தேர்வானார்.

கிளான் கொடுமைகளை விசாரித்த காங்கிரஸ் குழுவின் அறிக்கை 1872-இல் 13 தொகுதிகளாக வந்தது. கோல்பியின் வாக்குமூலம் ஜார்ஜியா பற்றிய பகுதியில் இருக்கிறது. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். டர்னர் உரைக்கு முன் அதைப் படியுங்கள். உங்கள் நண்பருக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்.