ஸ்க்ராட்சுக்கு அடுத்த படி எது? மலையகப் பெற்றோரும் மாணவரும் கேட்டவை

துண்டுகளை அடுக்கிச் செய்நிரல் எழுதும் ஸ்க்ராட்ச் மென்பொருளில் பூனையை நடக்கவிட்டு, இரண்டு மூன்று சிறு விளையாட்டுகளையும் செய்து முடித்த பிள்ளைக்கு அடுத்து எதைக் கொடுப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். மலையகப் பாடசாலைகளில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிப்பவள் என்ற முறையில், நமது வீடுகளில் உண்மையில் இருக்கும் கணினியையும் நமக்குக் கிடைக்கும் இணையத்தையும் மனத்தில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (ஒரு தாய், டிக்கோயா): டீச்சர், என் மகள் தரம் 7இல் படிக்கிறாள். ஒரு வருடத்துக்கு மேலாக ஸ்க்ராட்சில்தான் இருக்கிறாள். அவளோடு படிக்கும் பிள்ளைகள் பைதன் என்ற நிரல்மொழிக்குப் போய்விட்டார்கள். இவளையும் மாற்றிவிடலாமா?

பதில்: அம்மா, மற்றப் பிள்ளைகள் மாறிவிட்டார்கள் என்பது நீங்களும் மாற்றுவதற்குக் காரணமாகாது. மகள் இப்போது செய்துகொண்டிருக்கும் வேலையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். யாரோ செய்த விளையாட்டைப் பார்த்துத் துண்டுகளை அதே வரிசையில் அடுக்குகிறாளா, அல்லது தானே ஒன்றை நினைத்து, அது சரிவராமல் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாளா என்பதுதான் பார்க்க வேண்டியது. முதலாவது என்றால் அவள் இன்னும் சில மாதங்கள் அங்கேயே இருக்கட்டும். அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுகூடத்திலிருந்து 2007இல் வெளிவந்த ஸ்க்ராட்ச், சிறு பிள்ளைகளுக்கான பொம்மை என்று பலர் நினைத்தாலும், மாறி (ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடம்), நிபந்தனை, மீள்செயல், பட்டியல் ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. ஒரு வினாடி வினாவைப் பட்டியல் கொண்டு செய்து, புள்ளிகளைத் தரவரிசைப்படுத்தும் பிள்ளை உண்மையான செய்நிரலாக்கத்தைத்தான் செய்கிறது.

இரண்டாவது என்றால், அவள் ஸ்க்ராட்சின் எல்லையைத் தொட்டுவிட்டாள் என்று கொள்ளலாம். அந்த எல்லைகளைப் பெயர் சொல்லியே காட்டலாம். ஒரு பாத்திரத்தின் பிரதிகளை ஒரே நேரத்தில் 300க்கு மேல் உருவாக்க முடியாது. நாமே உருவாக்கும் துண்டு ஒன்று கணக்குப் பார்த்து விடையை நேராகத் திருப்பித் தராது. அதை ஒரு மாறியில் வைத்துச் சுற்றி எடுக்க வேண்டும். பிள்ளை தன் வாயாலேயே "இதைச் செய்ய இங்கே வழியில்லையே" என்று சொல்லும் நாள்தான் மாற்றத்துக்குரிய நாள். அந்தக் குறையை உணராமல் பைதனுக்குப் போகும் பிள்ளைக்கு, முன்பு நிமிடத்தில் செய்ததை இப்போது தட்டச்சுப் பிழைகளோடு ஒரு மணி நேரம் செய்வதாகவே தோன்றும். பலர் கைவிடுவது அந்த இடத்தில்தான்.

கேள்வி (கொழும்பில் வேலை செய்யும் இளைஞர், சொந்த ஊர் மஸ்கெலியா): என் தங்கைக்கு 4 ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தோட்டத்தில் இணையம் சரியாகக் கிடைப்பதில்லை. பைதன் தொடங்க எந்த மென்பொருளைப் போடுவது?

பதில்: தோனி என்ற மென்பொருளைப் போடுங்கள். எஸ்டோனியாவின் டார்டு பல்கலைக்கழகத்தில் தொடக்கநிலை மாணவருக்கென்றே உருவாக்கப்பட்டது, இலவசமானது. பைதன் அதற்குள்ளேயே வருவதால் வேறொன்றையும் நிறுவ வேண்டியதில்லை. கொழும்பில் ஒருமுறை தரவிறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோனால், அதன்பின் இணையமே தேவைப்படாது. தொழில்முறையாளர் பயன்படுத்தும் விஎஸ் கோட் நல்ல மென்பொருள்தான். ஆனால் அதன் பட்டியல்களும் நீட்சிகளும் புதியவரைத் திணறடிக்கும், பழைய மடிக்கணினிக்கும் சுமையாகும்.

தோனியை நான் விரும்பும் காரணத்தை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். அம்மா மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் இடத்தில்) நிறுத்த கொழுந்தைக் கணக்கிடும் செய்நிரலைத் தங்கை எழுதட்டும். காலை நிறுவை 12 கிலோ, பகல் நிறுவை 7 கிலோ, முழுப்பெயருக்கு (முழுநாள் சம்பளத்துக்கு) 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இன்புட் கட்டளையால் இரண்டு நிறுவைகளையும் வாங்கி, கூட்டி, பிரிண்ட் செய்தால் திரையில் 19 வராது, 127 வரும். அதை 18உடன் ஒப்பிடும் அடுத்த வரியில் டைப்எரர் (வகை பொருந்தாப் பிழை) என்று செய்நிரல் நின்றுவிடும். ஸ்க்ராட்சில் இதே கூட்டல் சரியாக 19ஐத் தந்திருக்கும், ஏனெனில் அது தானாகவே எண்ணாக மாற்றிக்கொள்ளும். பைதனோ, விசைப்பலகையில் அடித்ததை எழுத்துச்சரமாகவே (எழுத்துகளின் தொடராகவே) எடுத்து, 12ஐயும் 7ஐயும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும். இந்த இடத்தில் தோனியின் மாறிகள் சாளரத்தைத் திறந்தால், 12 என்பது மேற்கோள் குறிகளுக்குள் நிற்பதைப் பிள்ளை கண்ணாலேயே காணும். எண்ணாக மாற்றும் இன்ட் என்ற கட்டளையைச் சேர்த்து மீண்டும் இயக்கினால் மேற்கோள் குறிகள் மறைந்து, 19 வரும். முழுப்பெயரும் ஒரு கிலோ மேலதிகமும் என்று கணக்கும் சரியாகும். எண்ணுக்கும் எழுத்துச்சரத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் கரும்பலகையில் எத்தனை முறை விளக்கினாலும் அந்தத் தெளிவு வருவதில்லை.

கேள்வி (தரம் 10 மாணவர், தலவாக்கலை): டீச்சர், சாதாரண தரப் பாடநூலில் பாஸ்கல் என்ற நிரல்மொழி இருக்கிறது. எல்லாரும் அது பழையது என்கிறார்கள். நான் நேராகப் பைதன் படித்தால் என்ன?

பதில்: தம்பி, பரீட்சையில் பாஸ்கலில் கேட்டால் பாஸ்கலில்தான் எழுத வேண்டும்; அதில் தெரிவு இல்லை. ஆனால் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிக்லாஸ் விர்த் 1970இல் பாஸ்கலை வெளியிட்டது மாணவருக்கு ஒழுங்கான செய்நிரலாக்கத்தைக் கற்பிப்பதற்காகவே. மாறியை முதலில் அறிவி, அதன் வகையைச் சொல், பிறகு பயன்படுத்து என்று அது கண்டிப்புடன் கேட்பதால், மாறியை முழு எண் என்று அறிவித்துவிட்டால் மேலே சொன்ன 127 போன்ற குழப்பம் அங்கே எழாது. ப்ரீ பாஸ்கல் என்ற இலவசத் தொகுப்பி (செய்நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) பழைய கணினியிலும் வேகமாக ஓடும். உயர்தரத்தில் இப்பாடத்தை எடுத்தால் பைதன் எப்படியும் வரும். எனவே சாதாரண தரப் பரீட்சை முடியும் வரை பாஸ்கலில் நில்லுங்கள். பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் இடைப்பட்ட மாதங்களில், பாஸ்கலில் செய்த அதே கணக்குகளைப் பைதனில் திருப்பி எழுதிப் பாருங்கள். இரண்டையும் ஒரே தவணையில் தொடங்கியவர்கள் ஒன்றின் குறியீட்டை மற்றதில் எழுதிப் புள்ளி இழப்பதைக் காண்கிறேன்.

கேள்வி (ஒரு தந்தை, பொகவந்தலாவை): எங்கள் லயன் வீட்டில் கணினி இல்லை. கைத்தொலைபேசி ஒன்றுதான் இருக்கிறது. மகனுக்கு அதில் ஏதும் செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆன்ட்ராய்டு தொலைபேசியில் பைட்ராய்டு 3 என்ற செயலியைப் போட்டால், இணையமில்லாமலே பைதன் எழுதி இயக்கலாம். சிறிய திரையில் விரலால் தட்டச்சிடுவதுதான் சிரமம். ஓடிஜி இணைப்பி ஒன்றை வாங்கி, சாதாரண யூஎஸ்பி விசைப்பலகையைத் தொலைபேசியில் பொருத்திக்கொண்டால் அந்தச் சிரமம் பெருமளவு தீரும். உங்கள் தொலைபேசி அதை ஏற்குமா என்று கடையிலேயே பொருத்திப் பார்த்து வாங்குங்கள். மகன் முதலில் கொப்பியில் எழுதி, மனத்தால் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, பிறகு தட்டச்சிடட்டும். கணினி வசதியுள்ள பிள்ளைகளிடம் பல நேரம் இல்லாத நல்ல பழக்கம் இது. நகரத்தில் நெனசல என்ற அரச கணினி நிலையமோ கணினியுள்ள நூலகமோ திறந்திருந்தால் வாரத்துக்கு ஒரு முறையாவது கூட்டிச்செல்லுங்கள்.

கேள்வி (ஒரு தாய், பதுளை): பிள்ளைக்கு ஆங்கிலம் போதாது. அது வந்த பிறகு தொடங்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். பைதனின் ஒதுக்கப்பட்ட சொற்கள் (மொழிக்கே உரிய கட்டளைச் சொற்கள்) 35 மட்டுமே; தொடக்கத்தில் அவற்றில் பாதிகூடத் தேவையில்லை. பைதன் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கொழுந்து, நிறுவை, மொத்தம் என்று எழுதினால் அது தடையின்றி ஓடும். கட்டளைச் சொற்களும் தமிழிலேயே அமைந்த எழில் என்ற நிரல்மொழியும் உண்டு. தொடக்கத்தில் ஆர்வத்தைத் தூண்ட அது உதவும், ஆனால் பாடநூல்களும் உதவிக் குறிப்புகளும் பைதனுக்கே நிறைய இருப்பதால் நீண்ட பயணத்துக்குப் பைதனையே சொல்வேன். பிழைச் செய்திகள்தான் ஆங்கிலத்தில் பயமுறுத்தும். சின்டாக்ஸ்எரர், நேம்எரர், இன்டென்டேஷன்எரர், டைப்எரர் ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் எழுதி, எதனால் வந்தது, எப்படித் தீர்ந்தது என்று தமிழில் குறித்து வரச் சொல்லுங்கள். தொடக்கத்தில் சந்திக்கும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த நான்குக்குள் அடங்கிவிடும்.

கேள்வி (தரம் 9 மாணவிகள், ஹப்புத்தளை): கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014இல் நடந்த மண்சரிவைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மைக்ரோபிட் கொண்டு மண்சரிவு எச்சரிக்கைக் கருவி செய்ய விரும்புகிறோம். எங்களால் முடியுமா?

பதில்: பிள்ளைகளே, நல்ல எண்ணம். பிபிசி 2016இல் பிரித்தானியப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்கிய சிறு பலகைதான் மைக்ரோபிட். 25 சிறு விளக்குகளும், இரண்டு பொத்தான்களும், சாய்வையும் அசைவையும் உணரும் முடுக்கமானியும் அதிலேயே இருக்கின்றன. மேக்கோட் என்ற இணையத்தளத்தில் முதலில் துண்டுகளால் எழுதி, அதே செய்நிரலைப் பைதனாக மாற்றியும் பார்க்கலாம் என்பதால், ஸ்க்ராட்சிலிருந்து வருபவர்களுக்கு இதைவிட இலகுவான பாலம் எனக்குத் தெரியவில்லை. பலகையை வாங்குமுன் அந்தத் தளம் திரையில் காட்டும் போலிப் பலகையிலேயே (சிமுலேட்டர்) முழுவதையும் சோதிக்கலாம்.

ஒரு கம்பில் பலகையைக் கட்டி மண்ணில் ஊன்றி, சாய்வு மாறினால் விளக்கு எரியச் செய்யுங்கள். உடனே ஒரு சிக்கல் வரும்: காற்றடித்தாலும், பக்கத்துப் பாதையில் லொறி போனாலும் விளக்கு எரிந்துவிடும். தொடர்ந்து பத்து அளவீடுகளை எடுத்துச் சராசரியைப் பாருங்கள். சாய்வு குறிப்பிட்ட நேரம் நீடித்தால் மட்டும் எச்சரிக்கும்படி மாற்றுங்கள். உணரி சொல்வதை அப்படியே நம்பக் கூடாது என்பதை இந்த வேலை கற்றுத்தரும். அதில் உள்ள வெப்பமானியும் அப்படித்தான். அது அளப்பது பலகையின் செயலியினுடைய வெப்பத்தை, அதனால் வெளிக் காற்றைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இது கண்காட்சிக்கும் கற்றலுக்குமான கருவி. இதை நம்பி எவரும் சரிவில் தங்கியிருக்கக் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்து வெளியேறச் சொன்னால், உங்கள் விளக்கு எரியாவிட்டாலும் வெளியேறத்தான் வேண்டும். இதைக் கண்காட்சிப் பலகையிலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

கேள்வி (தரம் 11 மாணவர், நுவரெலியா): யூனிட்டி என்ற மென்பொருளில் விளையாட்டு செய்ய ஆசை. தொடங்கலாமா?

பதில்: உங்கள் கணினி தாங்குமா என்பதை முதலில் பாருங்கள், யூனிட்டி பல ஜிபி இடத்தைப் பிடிக்கும், சி ஷார்ப் மொழியும் வேண்டும். கோடோ என்ற திறந்த மூல மென்பொருள் அதைவிடப் பன்மடங்கு சிறியது, அதன் மொழியும் பைதனை ஒத்தது. பந்து தட்டும் விளையாட்டொன்றை அதில் முழுமையாக, தொடக்கத் திரையும் புள்ளிக் கணக்கும் முடிவும் சேர்த்து, நண்பர் ஒருவர் விளையாடும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். யூனிட்டியைப் பிறகு யோசிக்கலாம்.

கேள்வி (ஆசிரியர், பண்டாரவளைப் பக்கத் தோட்டப் பாடசாலை): எங்கள் ஆய்வுகூடத்தில் இருப்பவை விண்டோஸ் 7 கணினிகள். புதிய மென்பொருள்கள் ஏறுவதில்லை. ஒரு வகுப்புக்குப் பாதிப் பேருக்குத்தான் கணினி இருக்கிறது.

பதில்: சேர், பைதன் 3.9 முதலான பதிப்புகள் விண்டோஸ் 7இல் இயங்குவதில்லை, 3.8 வரிசையே கடைசி. அதைப் போட்டு, அதனுடனேயே வரும் ஐடில் என்ற எழுதி இயக்கும் மென்பொருள் மூலம் வகுப்பை நடத்தலாம். பாடத்துக்கு அது தாராளமாகப் போதும். ஸ்க்ராட்ச் 3இன் நிறுவும் பதிப்பு விண்டோஸ் 10ஐக் கேட்கும், பழைய 1.4 பதிப்பு உங்கள் கணினிகளில் ஓடும். கணினிகள் 64 பிட் வகையாக இருந்தால், அதிபரின் அனுமதியுடன் ஒன்றில் மட்டும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுப் பாருங்கள். பைதன் அதிலேயே இருக்கிறது. இணையப் பக்கம் செய்யக் கற்பிப்பதற்கோ நோட்பேடும் உலாவியும் போதும். இணையப் பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல் உயர்தரத்துக்கும் பயன்படும்.

கணினி போதாமையை இருவர் முறையால் ஈடுசெய்யலாம். ஒருவர் தட்டச்சிட, மற்றவர் கொப்பியைப் பார்த்து அடுத்த வரியைச் சொல்ல வேண்டும். கால் மணிக்கொரு முறை இடம் மாற வேண்டும். இடம் மாறுவதை நீங்களே மணியடித்து நடத்துங்கள், இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை விசைப்பலகையை விடாது.

கேள்வி (ஒரு தந்தை, ஹட்டன்): மகன் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு முழுச் செய்நிரலையும் எடுத்துவிடுகிறான். தடுக்கவா?

பதில்: முற்றாகத் தடுக்க வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். முதலில் அவனே எழுத வேண்டும். பிழை வந்தால், அந்தப் பிழைக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் கேட்கலாம். வாங்கிய செய்நிரலாக இருந்தால், அதில் ஏதாவது ஒரு வரியை நீங்கள் விரலால் தொட்டு, "இதை எடுத்துவிட்டால் என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். நீங்கள் கணினி படித்திருக்க வேண்டியதில்லை. அவன் சொன்ன பிறகு அந்த வரியை நீக்கி இயக்கச் சொல்லுங்கள். சொன்னபடி நடக்கிறதா என்று இருவருமே பார்த்துவிடலாம்.

கேள்வி (ஒரு தாய், நானுஓயா): ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ரோபோட்டிக்ஸ், செயலி, செயற்கை நுண்ணறிவு எல்லாம் ஆறு மாதத்தில் என்று ஒரு தனியார் வகுப்பில் பெரிய தொகை கேட்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: பணம் கட்டுமுன், அங்கே முன்பு படித்த பிள்ளை ஒன்று தானாகச் செய்த வேலையைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைகளின் வேலையும் ஒரே மாதிரி இருந்தால் அது ஆசிரியரின் வேலை. அந்த வயதுக்கு இலவசமான ஸ்க்ராட்சே போதும். கையிலுள்ள தொகையைக் கணினிக்கென்று சேர்த்து வையுங்கள்.